சொல்லும் அவையும்: கருத்துரிமையும் சமூக ஊடக உடைமையும்

சொல் தனித்து நிற்பதன்று. கேட்கும் அவையோடு சேர்ந்தே அது பொருள் பெறுகின்றது. இதனை நன்குணர்ந்த திருவள்ளுவர் ‘சொல்வன்மை’க்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, ‘அவை அறிதல்’, ‘அவை அஞ்சாமை’ என மேலும் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். பேசுவோன் ஆற்றல் ஒருபுறம் இருக்க, அவன் எந்த அவையில் நிற்கின்றான், அவ்வவை யாருடையது என்பனவும் எண்ணத்தக்கன என்பது இதனால் பெறப்படும்.

இன்று நம் கையகத்தே உள்ள கைப்பேசியும் ஓர் அவையே. அதில் பேசாதார் இலர், கேளாதாரும் இலர். ஆயின் அவ்வவையின் உரிமையாளர் யார், எந்த விதியால் அவர் ஒருவரைப் பேசவிட்டு மற்றொருவரைத் தடுக்கின்றார் என்று வினவுவோர் மிகச் சிலரே. அண்மையில் வகுப்பறையில் மாணவர் ஒருவர் என்னிடம், “ஐயா, அமெரிக்காவில் எவரும் எதையும் பேசலாமாமே, நம் நாட்டில் மட்டும் ஏன் இத்தனை வழக்குகள்?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு ஒரு வரியில் விடை கூற இயலவில்லை. விரிவாகக் கூற முயல்வதே இக்கட்டுரை. அதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் விருதுநகர் மாவட்டத்து இராசபாளையத்திலிருந்தே தொடங்கலாம்.

இராசபாளையத்து அரங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுற்றமும்

பஞ்சாலைகளால் பெயர்பெற்ற இராசபாளையமும், வானளாவிய கோபுரத்தால் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரும் அடுத்தடுத்துள்ள ஊர்கள். ஒன்றில் பேசிய சொல் மற்றொன்றில் கேட்க அரைமணி நேரப் பேருந்துப் பயணம் போதும். 2018ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் இராசபாளையத்தில் தினமணி நாளிதழ் நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். மறுநாள் அவ்வுரை நாளிதழிலும் வெளிவந்தது. ஆண்டாளின் தமிழைப் போற்றிய அந்நெடிய உரையின் ஓரிடத்தில், ஆண்டாளைத் தேவதாசி மரபோடு இணைத்துக் கூறும் ஆய்வுக் கருத்து ஒன்றை, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சார்த்தி மேற்கோளாகக் காட்டியிருந்தார்.

உரை முழுவதையும் அரங்கில் கேட்டோர் சில நூற்றுவராகலாம்; இதழில் படித்தோர் பல்லாயிரவராகலாம். ஆயின் அந்த ஒரு வரியை மட்டும் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் கண்டோர் எண்ணிலர். கோதை நாச்சியாரைத் தங்கள் வீட்டு மகளாகவே எண்ணி வாழும் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களின் உள்ளம் புண்பட்டது. ஊர்வலங்கள் நிகழ்ந்தன. மணவாள மாமுனிகள் மடத்து ஜீயர் உண்ணாநோன்பு மேற்கொண்டார். கவிஞர் வருத்தம் தெரிவித்தார். நாளிதழும் வருத்தம் தெரிவித்தது. அதன் ஆசிரியர் நேரில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று ஆண்டாள் சந்நிதியில் மன்னிப்பு வேண்டினார். காவல்துறையில் வழக்குகள் பதிவாயின. அதே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. மேற்கோளாகக் காட்டப்பட்ட நூல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் வெளியிட்டதன்று, இந்தியாவிலேயே வெளிவந்தது என்பதையும் அறிஞர் சிலர் பின்னர்ச் சுட்டிக்காட்டினர்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது ஈண்டு நம் நோக்கமன்று. இந்நிகழ்ச்சியில் எத்தனை அவைகள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தலே நம் நோக்கம். விழா அரங்கு ஓர் அவை. அதற்கு அமைப்பாளர் இருந்தார். நாளிதழ் ஓர் அவை. அதற்கு ஆசிரியர் இருந்தார், அவர் நேரில் வந்து விடை கூறினார். நீதிமன்றம் ஓர் அவை. அங்கு நீதியரசர் இருந்தார், அவர் தம் ஆணைக்குக் காரணம் கூறினார். ஆனால் அந்த ஒரு வரியை அதன் முன்னும் பின்னும் வெட்டி இலட்சக்கணக்கானோர்க்குக் கொண்டு சென்ற நான்காவது அவைக்கு விடைகூற யாரும் வரவில்லை. அதன் உடைமையாளரை ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் தேடவுமில்லை. அவர் கடல்கடந்து கலிபோர்னியாவில் இருந்தார்.

இந்திய அரசமைப்பின் சொல்

நம் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் வழங்குகின்றது. 19(2) பிரிவு அவ்வுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு இடமளிக்கின்றது. பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு, ஒழுக்கம், அவதூறு, குற்றத்திற்குத் தூண்டுதல் முதலியன அதற்குரிய காரணங்களாகும். இக்காரணங்களுள் சில முதலில் இருந்தன அல்ல. அவை சேர்ந்த வரலாற்றில் நம் மாநிலத்திற்கும் பங்குண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாதென அன்றைய சென்னை மாநில அரசு தடை விதித்தது. 1950 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென அறிவித்தது. அதன் பின்னரே 1951இல் அரசமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பொது ஒழுங்கு முதலிய காரணங்கள் சேர்க்கப்பட்டன. கட்டுப்பாடுகள் ‘நியாயமானவை’யாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையும் அப்போதே சேர்ந்தது.

சமய உணர்வைப் புண்படுத்துதல் பற்றிய 295அ பிரிவின் வரலாறும் அறியத்தக்கது. நபிகள் நாயகத்தை (ஸல்) இழிவுபடுத்தி லாகூரில் வெளியான ஒரு நூலின் பதிப்பாளர் விடுதலை செய்யப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பின் விளைவாக 1927இல் அப்பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 சூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக உள்ளது. 1957இல் உச்சநீதிமன்றம் இப்பிரிவை ஏற்றபோது, வேண்டுமென்றே தீய எண்ணத்துடன் செய்யப்படும் இழிவே குற்றமாகும்; அறியாமையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது குற்றமாகாது என்று எல்லை வகுத்தது. எத்துணையோ ஆண்டுகளாகப் பெரும்பாலோர் மறந்துவிடும் எல்லை இது.

தமிழ்த் திரைப்படம் ஒன்றும் இத்துறையில் வழிகாட்டியாயிற்று. இடஒதுக்கீடு பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் வழக்கில் 1989இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், போராட்டம் நடக்கும் என்ற அச்சுறுத்தலுக்காக ஒருவர் வாயை அடைப்பது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்னும் கருத்தை நிலைநாட்டியது. சொல்லுக்கும் கலகத்திற்கும் இடையே வெடிமருந்துக் கிடங்கிற்கும் தீப்பொறிக்கும் உள்ளது போன்ற நெருக்கம் இருந்தாலன்றித் தடை விதித்தல் கூடாது என்பதே அதன் அளவுகோல்.

அமெரிக்கர் பேசும் உரிமை

இனி மாணவர் வினாவுக்கு வருவோம். 1791இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது. அவர்தம் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது. நம் முதல் திருத்தம் அரசுக்குச் சற்றுக் கை நீட்ட இடம் தந்தது. 1969இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், உடனடி வன்செயலைத் தூண்டும் நோக்கமும் அது நிகழக்கூடிய நிலையும் இருந்தாலன்றி வெறுப்புப் பேச்சையும் தண்டிக்கலாகாது என்றது. எனவே அரசைப் பொறுத்தவரை மாணவர் கேட்டது பெரும்பாலும் உண்மையே.

ஆனால் அத்திருத்தம் கட்டியது அரசின் கையை மட்டுமே. உடைமையாளரின் கையை அன்று. இந்நுட்பத்தை விளக்க ஒரு பழைய வழக்கு உதவும். அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்னும் ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்திற்குச் சொந்தமாக இருந்தது. தெருவும் கடையும் நடைபாதையும் நிறுவனத்தின் உடைமையே. மில் குடியிருப்புகளைக் கண்ட இராசபாளையத்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். அங்கு ஒரு பெண்மணி தம் சமயத் துண்டறிக்கைகளை வழங்கினார். தனியார் இடத்தில் வழங்கலாகாது என நிறுவனம் தடுத்தது. 1946இல் உச்சநீதிமன்றம், ஊர் ஒருவருக்குச் சொந்தம் என்பதாலேயே ஊரார் உரிமை அவருக்குச் சொந்தமாகிவிடாது என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தது. ஆயினும் பிற்காலத்தில், குறிப்பாக 1970களில், வணிக வளாகங்கள் பற்றிய வழக்குகளில் நீதிமன்றம் இக்கொள்கையைச் சுருக்கிக்கொண்டது. 2019இலும் தனியார் நடத்தும் பேச்சுமேடையை அரசு எனக் கருத இயலாது என்றது.

சமூக ஊடகம் என்பது இன்றைய சிக்கசா. தெருப்போலத் தோன்றும்; ஆனால் தெரு அன்று, தனியார் முற்றம். மேலும் 1996இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, பயனர் எழுதியதற்காக நிறுவனத்தைப் பொதுவாகப் பொறுப்பாக்குவதில்லை. நல்லெண்ணத்துடன் ஒன்றை நீக்கினாலும் காப்பளிக்கிறது. பதிப்பாளருக்குரிய அதிகாரம் உண்டு. பதிப்பாளருக்குரிய பொறுப்பு இல்லை. நாளிதழாசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததற்கும் ஊடக உடைமையாளர் வராததற்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு பொருத்திக் காணலாம்.

பண்பாட்டுப் போர்

கருக்கலைப்பு, பள்ளிப் பாடநூல், பள்ளியில் வழிபாடு, நிறவேற்றுமை, குடியேற்றம் முதலியவற்றில் அமெரிக்க மக்கள் இரு பெரும் அணிகளாகப் பிரிந்து பொருதும் நிலையை ‘பண்பாட்டுப் போர்’ என்பர். 1991இல் சமூகவியலறிஞர் சேம்சு டேவிசன் ஹன்டர் எழுதிய நூலால் இத்தொடர் பரவியது. இப்போரில் இரு அணியினரும் கருத்துரிமையைத் தத்தம் கொடியில் பொறித்துக்கொள்கின்றனர். ஆனால் அவை யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்துக் கொடி கைமாறுகிறது.

2021 சனவரியில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபின் டிரம்பின் கணக்குகளை டுவிட்டரும் முகநூலும் முடக்கின. தனியார் தம் முற்றத்தில் விதி வகுக்கலாம் என்று ஓர் அணி கூறியது. இது வாய்ப்பூட்டு என்று மற்றோர் அணி முழங்கியது. அவ்வாண்டே டெக்சாசும் புளோரிடாவும் நிறுவனங்கள் அங்ஙனம் நீக்குவதைத் தடுக்கச் சட்டம் இயற்றின. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு டுவிட்டரை வாங்கி, கருத்துரிமையை மீட்டதாகக் கூறினார். அடுத்த மாதமே டிரம்பின் கணக்கு திரும்பியது. ஆனால் அதற்கடுத்த மாதத்தில் செய்தியாளர் சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. இப்போது முழங்கியோர் அமைதியாயினர், அமைதியாயிருந்தோர் முழங்கினர்.

2024இல் உச்சநீதிமன்றத்தின் முன் இரு வழக்குகள் வந்தன. பதிவுகளை நீக்குமாறு அரசு அதிகாரிகள் நிறுவனங்களை நெருக்கினர் என்னும் வழக்கை, வழக்காடுவோர்க்குத் தகுதி நிறுவப்படவில்லை எனக் கூறி ஏற்க மறுத்தது. டெக்சாசு, புளோரிடா சட்டங்களைக் கீழமை நீதிமன்றங்களின் மறு ஆய்வுக்கு அனுப்பியபோது, எதைக் காட்டுவது எதை விலக்குவது எனத் தொகுப்பதும் நிறுவனத்தின் கருத்துரிமையே என்று விளக்கியது. 2025 சனவரியில் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளியார் வழிச் செய்தி சரிபார்ப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வலசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் கொலையுண்டபின், அதுபற்றி எழுதியோரைப் பணிநீக்கம் செய்யவேண்டுமென, நேற்றுவரை கருத்துரிமை பேசியோர் பலரே குரலெழுப்பினர்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? தம் அணி பேசும்போது உரிமை என்பதும், எதிரணி பேசும்போது ஊறு என்பதும் எந்நாட்டிலும் உள்ள நோய். அவையின் உடைமை ஓரிருவர் கையில் சேரும்போது அந்நோய் முற்றுகிறது.

வேறு வாயில்கள்

பண்டைத் தமிழ்ப் புலவரும் பிறர் அவையை நம்பியே வாழ்ந்தனர். அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலில் காத்திருக்க நேர்ந்த ஔவையார் சினந்து வாயிற்காவலனை நோக்கிப் பாடிய புறப்பாட்டை மாணவர் அறிவர். அச்சினத்தின் அடித்தளம், தமக்கு வேறு வாயில்களும் உண்டு என்னும் உறுதியே. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும் எண்ணிப் பார்க்கலாம். வள்ளல் சீதக்காதி ஊக்கித் தொடங்கிய பணி, பின்னர் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவில் தொடர்ந்தது என்பது மரபு. புரவலர் மாறினும் காப்பியம் நின்றது. புலவனின் உரிமை, மன்னனின் பெருந்தன்மையில் மட்டும் இல்லை. அடுத்த வாயில் திறந்திருப்பதிலும் இருந்தது.

இன்று வாயில்கள் பலவாகத் தோன்றும். முகநூல் நிறுவனம் 2012இல் இன்ஸ்டாகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் வாங்கியது; கூகுள் 2006இலேயே யூடியூபை வாங்கியது. முகநூலில் மறுக்கப்பட்டவர் வாட்ஸ்அப்பிற்குச் சென்றாலும் வாயிற்காவலன் ஒருவனே. மறுபுறம், அரசு ஒரு வாயிலை அடைக்கும்போதும் எளியோரே வெளியில் நிற்கின்றனர். 2020 சூனில் நடுவண் அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக் வழியாக ஆடியும் பாடியும் வந்த எத்தனையோ சிற்றூர்க் கலைஞர்களின் மேடை ஒரே இரவில் மறைந்தது. நாட்டுப் பாதுகாப்பு என்னும் காரணம் பொருந்துமா என்பது வேறு. மேடை தமதன்று என்பதை அவர்கள் அன்றுதான் உணர்ந்தனர்.

ஒரே துலாக்கோல்

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர்முன் ஒன்றைப் பணிவுடன் வைக்க விழைகிறேன். 2013 சனவரியில் ‘விஸ்வரூபம்’ திரைப்படத்தை எதிர்த்து இசுலாமிய அமைப்புகள் குரல் கொடுத்தன. தமிழக அரசு 15 நாள் தடை விதித்தது; வழக்கு நீதிமன்றம் சென்றது; பேச்சுவார்த்தைக்குப்பின் சில இடங்கள் திருத்தப்பட்டுப் பிப்ரவரியில் படம் வெளியாயிற்று. நம்மவர் உள்ளத்து வலி பொய்யன்று. தீவிரவாதியின் உருவம் வேண்டுமென்றால் நம் தாடியும் தொப்பியும் தேடப்படுவது பழகிப்போன துயரம். ஆயினும் ஐந்தாண்டு கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தபோது, “ஒரு வரிக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்று வியந்தவருள் 2013இல் தடை கேட்டோரும் இருந்தனர். 2013இல் “படைப்புரிமை” என்று முழங்கியோருள் சிலர் 2018இல் தடையும் தண்டனையும் கேட்டனர். இரு பக்கமும் துலாக்கோலை மாற்றிப் பிடித்தோம்.

அதற்கிடையே 2015 சனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன், ‘மாதொருபாகன்’ புதினத்திற்கு எழுந்த எதிர்ப்பினால், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார். 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, பிடிக்காத நூலைப் படியாது விடலாம் என்னும் எளிய நெறியைக் காட்டியது. ஓர் எழுத்தாளனின் இறப்பும் உயிர்ப்பும் இவ்வளவு அண்மையில், இவ்வளவு வெளிப்படையாக நிகழ்ந்துள்ளன.

சொல்லால் புண்படுதல் மானிட இயல்பு, மறுத்துரைத்தல் உரிமை, புறக்கணித்தலும் உரிமை, அமைதியாகத் திரண்டு முழங்குதலும் உரிமையே. மிரட்டுதல் உரிமையன்று. இவ்வெல்லை ஆண்டாள் அன்பர்க்கும் நமக்கும் நாத்திகர்க்கும் ஒன்றே. சிறுபான்மையோர்க்கு இந்நடுவுநிலை அறம் மட்டுமன்று, அரணுமாகும். புண்பட்டவர் எண்ணிக்கையே தடைக்கு அளவுகோல் எனில், எண்ணிக்கையில் குறைந்தோர் பேச வாயே இராது. 2012 நவம்பரில் மராட்டிய மாநிலம் பால்கரில், ஒரு தலைவர் மறைவையொட்டிய கடையடைப்புப் பற்றி முகநூலில் எழுதியமைக்காகவும், அதனை விரும்பியமைக்காகவும் இரு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டனர். அதுபோன்ற கைதுகளுக்கு இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை 2015 மார்ச்சு 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் நீக்கியது. ‘எரிச்சலூட்டுதல்’ போன்ற தெளிவற்ற சொற்களால் குற்றம் வகுத்தால் யாரும் தப்பவியலாது என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி.

நாம் செய்யத்தக்கன

அமெரிக்க நெறியை அப்படியே இங்கு நடவியலாது. 2025 செப்டம்பரில் எக்ஸ் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்த கர்நாடக உயர்நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆயினும் நீக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தாலும் நிறுவனத்திடம் இருந்தாலும், காரணம் கூறும் கடமை அதனோடு சேர்ந்தே இருத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள எண்ணிமச் சேவைச் சட்டம், ஒரு பதிவை நீக்கினால் அதற்குக் காரணம் கூறுமாறு நிறுவனங்களைப் பணிக்கிறது. நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலரை அமர்த்தவேண்டும்; அவர் முடிவில் நிறைவில்லையேல், 2023இல் தொடங்கிய மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம். இவ்வழிகளை அறிந்தோர் சிலர். பயன்படுத்துவோர் அவரினும் சிலர்.

மாணவர்க்குரிய கடமைகள் இன்னும் எளியன. ஒரு வரியைக் கண்டு சினமுறுமுன் முழு உரையையும் தேடிப் படித்தல் வேண்டும். மேற்கோள் காட்டுமுன் மூலநூலைக் கையிலெடுத்து, எழுதியவர் யார், வெளியிட்டவர் யார் என நோக்குதல் வேண்டும். 2018இல் ஒரு நூலின் வெளியீட்டாளர் பெயரே எவ்வளவு பேசப்பட்டது என்பதைக் கண்டோம். தீயவர் கொணரும் செய்தியை ஆராய்ந்து தெளிக எனத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பணிப்பதையும் மறத்தலாகாது. சிறுபத்திரிகை, கல்லூரி மலர், நூலகக் கூட்டம், ஊர்ப் பொதுமேடை ஆகிய நம் சொந்த வாயில்களை அடைபடாமல் காத்தல் வேண்டும். அவற்றின் உடைமையாளர் நாமே.

மாணவரின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். அமெரிக்காவில் அரசு பெரும்பாலும் தடுக்காது. ஆனால் அவை உடையவர் தடுப்பார். நம் நாட்டில் இருவரும் தடுக்கலாம். சில போது கூட்டமும் தடுக்கும். எங்கும் உரிமையைக் காப்பன மூன்று: அரசைக் கட்டும் சட்டம், உடைமையாளரைக் கேள்வி கேட்கும் விதி, தனக்கும் பிறர்க்கும் ஒரே துலாக்கோல் பிடிக்கும் மனம். முதலிரண்டும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் தரவேண்டியவை. மூன்றாவதை இராசபாளையத்தில் கேட்டாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டாலும் நம் வீட்டிலிருந்தே எடுத்துத் தரவேண்டும்.